மாத்திரைச் சக்களத்தி

அவளுக்குச் சக்களத்தி வாய்த்தது, கல்யாணமாகி, ஒரே மகனும் வளர்ந்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு. ஆள் சின்னது. பாதி வெள்ளை, பாதி பச்சை. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பளபளக்கும் அட்டைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலையில் சாப்பிட்டு முடித்ததும் அதில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து, புருஷனின் உள்ளங்கையில் தானே வைத்து, விழுங்கத் தண்ணீரும் அவளே கொடுக்க வேண்டும். இப்படி ஒரு ஏமாளி உலகத்தில் உண்டா என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். பிரேமில் லென்ஸ் பொருத்துவது, கழன்ற திருகை முடுக்குவது, மூக்கில் அழுந்தும் பட்டையை நிமிர்த்துவது எல்லாம் அவள் கை வேலை. எறும்புத் தலை அளவு திருகைச் சின்னக் கவ்வியில் பிடித்து ஒரே தடவையில் குழியில் இறக்கிவிடுவாள். கை அவ்வளவு நிதானம். மனசுதான் நிதானமில்லாதது. யாருக்காவது ஏதாவது கூடுதலாகக் கிடைத்துவிட்டால் அவளுக்கு வயிறு எரியும். எரிவதை மறைக்கவும் தெரியாது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அதற்காக அவளைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. நகைக்கோ புடவைக்கோ அவள் பொறாமைப்பட்டதில்லை. அவளுடைய பொறாமை எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில். பேச்சு. அவள் புருஷன் பேச மாட்டார்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் மொட்டை மாடி மெஷின் ரூம் அவருக்கு அத்துப்படி. அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது, அது வேறு கதை. வேலை முடிந்து வருவார், கை கால் கழுவுவார், போட்டதைச் சாப்பிடுவார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "என்னங்க?" என்றால் "ம்." "சாப்பாடு எப்படி?" என்றால் "ம்." "வீடு பத்திக்கிட்டு எரியுது" என்றாலும் "ம்" என்பாரோ என்னவோ, அவள் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அவள் தங்கைக்கு வாய்த்தவரோ வாய் ஓயாத மனிதர். பல் தேய்க்கும்போதும் பேசுவார். தங்கை போன் பண்ணி, "இவர் தொணதொணன்னு பேசியே என்னைக் கொல்றாருக்கா" என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், அந்த அலுப்பைக் கேட்டே அவளுக்குக் காதில் புகை வரும்.

ஒரு தடவை சாவியைக் கொடுக்க அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். மூன்றாம் மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர், "என்ன கண்ணு, இப்பத்தானே எண்ணெய் போட்டேன்? அதுக்குள்ள என்ன கோவம்? வா, வா, மெதுவா வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணு என்கிறார், ஒரு இரும்புப் பெட்டியை. வாசலிலேயே சாவியை வைத்துவிட்டு திரும்பி வந்தவள், லிஃப்ட் இருக்கிற கட்டடங்களில் அதற்குப் பிறகு படியில்தான் ஏறினாள்.

அந்த இரும்புப் பெட்டிதான் அவர் முதுகை வாங்கியது. ஒரு மோட்டாரை நகர்த்தப் போய் இடுப்பில் ஏதோ பளீரென்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்டுவடத்தின் எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து, பிதுங்கியதை எடுத்து, எலும்பை இரண்டு கம்பிகளாலும் திருகுகளாலும் முடுக்கினார்கள். திருகு முடுக்குவது தன் தொழில் என்பதால் அந்த எக்ஸ்ரே படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேதனை. முதுகு வலி மட்டுப்பட்டது, இடது கால் எரிந்தது. பாதத்தில் தணலை வைத்துக் கட்டினாற்போல எரிகிறது என்று ஜாடையில் காட்டினார். போர்வை பட்டால்கூடத் துடித்தார். பெரிய வலி மாத்திரை கொடுத்தார்கள். அது ஆளைத் தூங்க வைத்தது, வயிற்றைக் கட்டிப்போட்டது, எரிச்சலைத் தொடவே இல்லை. அவள் அவரைப் பக்கவாட்டில் புரட்டினாள், இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினாள், குளிப்பாட்டினாள், கழிவறைக்குத் தோள் கொடுத்துக் கூட்டிப்போனாள். கடையில் அரை நாள் லீவு கேட்டு வந்து, மத்தியானம் அவருக்கு ஊட்டிவிட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். வலியில் அதுவும் தேய்ந்து, கண்ணை மூடித் திறப்பதோடு நின்றுபோனது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலி வைத்தியத்துக்கென்றே இருக்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் பாதத்தைப் பஞ்சால் தொட்டும் குச்சியால் தொட்டும் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்.

"முதுகுல இருந்த கோளாறைச் சரி பண்ணியாச்சு. ஆனா ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு இன்னும் அழுதுக்கிட்டே இருக்கு. சாதாரண வலி மாத்திரை நரம்புக்குக் கேக்காது. அதுக்குத் துணையா இன்னொண்ணு தரேன். மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரைதான் இது, நரம்பு வலிக்கும் நல்லாக் கேக்கும். மருந்துக்கடையில ஏதாவது சொன்னா பயந்துடாதீங்க."

"இதைப் போட்டா எரிச்சல் உடனே நின்னுடுமா டாக்டர்?"

"நிக்காதும்மா. ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். சின்ன அளவுல ஆரம்பிச்சு ஏத்தலாம். இது வேலை செய்ய ஆரம்பிச்சதும் அந்தப் பெரிய மாத்திரையைக் குறைச்சுடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நீங்களா இதை நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னா நான்தான் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவேன்."

அவள் தலையாட்டினாள். துணை என்ற வார்த்தை அப்போதே அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இந்த வீட்டில் அவருக்குத் துணை நான் ஒருத்தி போதாதா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் வாரம் வாய் உலர்ந்தது, குமட்டியது, வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் போர்வை பாதத்தின் மேல் கிடந்தது, அவர் அதை உதறவில்லை. கொஞ்ச நாளில் வராண்டாவில் நடந்தார். பெரிய மாத்திரை பாதியானது. ஒரு சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சுவரில் சாய்ந்திருந்தவர் கேட்டார்:

"இன்னைக்குக் கடையில கூட்டமா?"

அவள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கேள்வி அவளுக்குத்தான்.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் வந்தவர் போனவர் கதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டார், நடுநடுவே சிரித்தார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள் தன் கதையைச் சொன்னார்: ஒரு பெரிய அதிகாரி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தபடியே தன் பதவியைச் சொல்லிச் சொல்லி மிரட்டினாராம். "லிஃப்டுக்கு அவர் யாருன்னு எப்படித் தெரியும்?" என்று சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இத்தனை வருஷம் இந்தக் கதைகளையெல்லாம் எங்கே வைத்திருந்தார் இந்த மனுஷன் என்று அவள் வாய் பிளந்து பார்த்தாள். தங்கைக்குப் போன் பண்ணி, "உங்க மாமா தொணதொணன்னு பேசியே என்னைக் கொல்றாரு" என்று அலுத்துக்கொண்டாள். அப்படி அலுத்துக்கொள்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கை சும்மா இருந்திருக்கலாம். "அதான் அந்த மாத்திரைக்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் குடுத்தாங்க, ஆளே மாறிட்டாரு. மனசுக்குக் குடுக்கிற மாத்திரைதானே, சந்தோஷமாத்தான் இருப்பாங்க" என்றாள்.

அந்த ஒரு பேச்சில் எல்லாம் கெட்டது.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியில் இருக்கிற அட்டையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இவள் ஆக்கிப் போட்டாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள், அழுதாள். ஒரு முத்து உதிரவில்லை. நேற்று வந்த ஒரு துளி மருந்து உள்ளே போய் என்ன சொக்குப்பொடி போட்டதோ, ஆள் மடை திறந்தாற்போலக் கொட்டுகிறார். அப்படியானால் என்னிடம் இல்லாத எது அதனிடம் இருக்கிறது? அந்த வாரம்தான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். காலையில் அட்டையைப் பிதுக்கும்போது, "வாடி, உன் நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பிதுக்கினாள்.

மகன் போன் பண்ணினால் முன்பெல்லாம் அவர், "நல்லா இருக்கியா? சரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மகனின் பேச்சு முழுக்க அவளுக்குத்தான் சொந்தம். இப்போது மகன் எடுத்த எடுப்பில், "அப்பாகிட்டக் குடும்மா" என்றான். இருவரும் என்னத்தையோ பேசிச் சிரித்தார்கள். அவள் சமையல்கட்டில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். பெற்ற பிள்ளையையும் சக்களத்தி கொண்டுபோய்விட்டாள்.

எதிர் வீட்டு டீச்சரம்மா ஒரு நாள் வந்து உட்கார்ந்து அவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும்போது, "உங்க வீட்டுக்காரர் இவ்வளவு நல்லாப் பேசுவாரா? கொடுத்து வெச்சவம்மா நீ" என்றார். கண்ணாடிக்காரி பல்லைக் காட்டினாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை.

கடைசியில் பிரச்சினையைக் கிளப்பியது அவரோடு வேலை பார்க்கிற ஆட்கள். விடுமுறை நாளில் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். அவர் நடுவே உட்கார்ந்து, அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துவரச் சொல்லி, வந்தவர்கள் கையில் கொடுத்துக் காட்டினார். நகையைக் காட்டுகிற மாதிரி அது கை மாறிக் கை மாறிப் போனது. "இது இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல. சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடந்திருப்பேன்" என்றார். எல்லோரும் டாக்டரைப் புகழ்ந்தார்கள். மருந்தைப் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள் என்று வியந்தார்கள். டீத் தட்டோடு நின்றவளை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, சர்க்கரை கொஞ்சம் குறைச்சல் என்று ஒருவர் சொன்னதைத் தவிர.

அவர்கள் போன பிறகு அவள் அவருக்கு இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பிடித்ததில்லை.

"நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல" என்றார்.

ஆயுசு முழுக்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, எழுத்துப் பிசகாமல், அந்தப் பச்சைக்காரிக்குச் சொன்னவர். அந்தச் சக்களத்திக்குச் சொல்லிவிட்டு மிச்சம் மீதியை எனக்குப் போடுகிறாரா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை உருவிக்கொண்டாள்.

"போதும். எப்பப் பாரு பேச்சு, பேச்சு. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு படுத்தார்.

கண்ணாடிக் கடையில் ஒரு சோதனை உண்டு. சில பேர் பார்வை சரியாக இருக்கும்போதே கண்ணாடி வேண்டும் என்று வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைப் பெண் போட்டிருக்கிறாள் என்பதற்காகத் தனக்கும் எழுத்து மங்குகிறது என்று ஒரு பெண் குழந்தை கண்ணைக் கசக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சோதனை பிரேமில் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு, "இப்பத் தெரியுதா?" என்று கேட்பாள். "ஆமா, இப்ப நல்லாத் தெரியுது" என்று சொன்னால் சாயம் வெளுத்துவிடும். ஒருத்தர் பார்ப்பது லென்ஸாலா, மனசாலா என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது அவள் அட்டையிலிருந்து நாலைந்து கேப்ஸ்யூலைப் பிதுக்கினாள். திருகு பிடிக்கிற கவ்வியால் பச்சைத் தொப்பியை மெல்லத் திருகி இழுத்தாள். உள்ளே கடுகைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள். அவற்றை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துவிட்டு, கூட்டில் பொடித்த சர்க்கரையை நிரப்பித் தொப்பியை மாட்டினாள். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. நாலு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது இவரா, அவளா?

சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தாள். அவர் உள்ளங்கையில் வாங்கி ஒரு நொடி பார்த்தார். வாயில் போட்டார். நாக்கை ஒரு தரம் சுழற்றினார். பிறகு தண்ணீர் குடித்து விழுங்கினார்.

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசினார், ஆனாலும் பேசினார். கடையில் கூட்டமா என்று கேட்டார். அவளுக்குச் சிறகு முளைத்தது. பார்த்தாயாடி என்று அலமாரியைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் கடையில் அவள் பாட்டு முணுமுணுத்ததை முதலாளியே கவனித்து, என்ன விசேஷம் என்று கேட்டார்.

அதற்கு மறுநாள் அவர் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "என்னங்க?" என்றாள். "ம்" என்றார். எழுந்தபோது தலை சுற்றி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் வெட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அவள் நாலு தடவை கேட்ட பிறகு சொன்னார். பாதத்தின் மேல் கிடந்த போர்வையை உதறித் தள்ளினார். மகன் போன் பண்ணினான். "நல்லா இருக்கியா? சரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்."

அப்போது அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, பரிதாபமும் இல்லை. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்கிற கசப்பான திருப்திதான் வந்தது; அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆக, கதை சொன்னது சக்களத்தி, சிரித்தது அவள், கையைப் பிடித்ததும் அவள். இவர் என்றைக்கும் போல ஊமைக்கோட்டான்தான். அன்றைக்கு ராத்திரி ஊசியில் நூலைக் கோர்க்க மூன்று தடவை முயன்றாள்.

சோதனையை அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மருந்தில்லாத அவருடைய சொந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, ஒரு வசவாவது வந்துவிடாதா என்று இன்னொரு நாள் காத்திருந்தாள். காலையில் கேப்ஸ்யூலை நீட்டினாள். அவர் கை நடுங்க வாங்கிப் போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓடினாள். அவர் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கால் தரையில் பதியாமல் துடித்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அது குழாய்த் தண்ணீர் இல்லை, வேர்வை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் விழுந்திருப்பார். கம்பியும் திருகும் என்ன ஆகியிருக்குமோ. அவள் முழு உடம்பாலும் அவரைத் தாங்கி, இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார வைத்தாள். பிறகு தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் மாத்திரையை மாத்திட்டேங்க" என்றாள். "நாலு நாளா நீங்க போடறது மருந்து இல்ல."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தொப்பி சரியா உக்காரல" என்றார். லிஃப்டின் கதவில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். "வாயில போட்டதும் இனிச்சுது."

"முதல் நாளேவா?"

"ம்."

"தெரிஞ்சுமா முழுங்கினீங்க? ஏன்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா?"

அவர் வலி ஒரு அலை வந்து போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு. வாயை மூடிக்கிட்டுப் படுங்கன்னு சொன்னே. மறுநாளே மாத்திரை இனிச்சுது." மூச்சு வாங்கினார். "ரொம்பப் பேசி உன்னைத் தொல்லை பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது. தங்கச்சிகிட்டயும் போன்ல சொன்னியே, தொணதொணன்னு கொல்றாருன்னு. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும். வலி இல்லாம இருந்தா வாய் தானா திறந்துக்குது, என்ன பண்றது. சரி, உனக்குப் பழையபடி இருந்தாத்தான் தோதுன்னா, பழையபடியே இருந்துட்டுப் போறேன்னு முழுங்கினேன்."

அவ்வளவு நீளமாக, அவ்வளவு வலியோடு, அந்த மருந்து ஒரு துளியும் இல்லாமல் அவர் பேசிய பேச்சு அது. அவள் கேட்க நினைத்தது, வேவு பார்த்தது, சர்க்கரை அடைத்துச் சோதித்தது எல்லாம் இந்த வாயைத்தான். இப்போது அது திறந்து சொன்னதைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. பொறாமையால் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து போய் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. நிறுத்தாதீங்கன்னு. அந்த நரம்பு இப்பத்தான் அடங்கிட்டு வந்துச்சு."

"தப்புதான் டாக்டர். மாத்திரையாலதான் பேசறாரோன்னு…"

"மாத்திரை யாருக்கும் பேச்சு சொல்லிக் குடுக்காது. எத்தனை வருஷமா அவருக்கு முதுகு வலின்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? அந்தத் தட்டு ஒரே நாள்ல பிதுங்கினது இல்ல. பல வருஷத் தேய்மானம். ராத்திரி பகலா வலியைக் கட்டிக்கிட்டு இருக்கிறவனுக்குப் பேச எங்கிருந்து மனசு வரும்?" அந்த அம்மாளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, இப்ப ஒண்ணு குடுங்க. நல்ல மாத்திரையைக் குடுங்க. படுக்க வைங்க, தனியா எழுந்திருக்க விடாதீங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கறேன். பழைய நிலைக்கு வர மறுபடி சில வாரம் ஆகலாம், பொறுக்கணும்."

அவள் அலமாரியைத் திறந்தாள். சர்க்கரை அடைத்ததில் மிச்சம் இருந்ததைச் சாக்கடைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அட்டையிலிருந்து கை படாத ஒன்றைப் பிதுக்கினாள். இன்றைக்கு அதை வாடி போடி என்று சொல்ல நாக்கு எழவில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார். தொப்பியை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார், அது அசையவில்லை. மருந்துதான் என்று தெரிந்துகொண்டார். ஆனாலும் வாயில் போடாமல், உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இதைப் போட்டா மறுபடியும் பேச ஆரம்பிச்சிடுவேன்" என்றார். "பரவாயில்லையா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் விழுங்கி முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.